முடிச்சை அவிழ்த்து வைக்கவும்

செயலியில் குறிப்பெழுத
ஒரு சின்னப் பெட்டி தருகிறார்கள்.
மற்றவர்கள் அதில்
காரம் கம்மி, வெங்காயம் வேண்டாம் என்பார்களாயிருக்கும்.
நான் எழுதுவது:
கதவு சாத்தியிருக்கும், தாழ் இல்லை.
தள்ளிக்கொண்டு உள்ளே வரவும்.
சாம்பார்ப் பையின் முடிச்சை
அவிழ்த்து வைக்கவும்.
கடைசியில் ஒரு ப்ளீஸ்.
அதற்குமேல் எழுத்து ஏறாது.

நண்டுக் கால் மாதிரி வளைந்துவிட்டது விரல்
என்றார் மருத்துவர்.
நண்டு பிடிக்கும், டாக்டர்.
இதுகள் பிடிப்பதில்லை.

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில்
பாத்திரக் கடை ஒன்றின் கணக்கை
விரல் முட்டிகளால் தட்டித் தட்டி
வீட்டிலிருந்தே முடிக்கிறேன்.
குக்கர், உருளி, இட்லிக் கொப்பரை
எது எத்தனை விற்றதென்று எனக்கு அத்துப்படி.
என் குக்கர்
போன மாசியில் கைநழுவி
முழங்கைக்குக் கீழே கொஞ்சம் தோலை
வாங்கிக்கொண்டதோடு சரி.
அடுப்படியில் கவிழ்ந்து கிடக்கிறது.

"நீயே பொங்கிக்கிட்டா மிச்சம்தானே"
என்கிறாள் திருப்பூரிலிருந்து மதினி.
மிச்சம்தான்.
நாலு இட்லி எழுபது
பொட்டலத்துக்குப் பத்து
தளத்துக்குப் பதினைந்து
தூரத்துக்கு முப்பது
அதற்கெல்லாம் வரி.
ஐப்பசி பிறந்தால்
மழைக்கென்று தனியே இருபத்தைந்து.
எங்கள் ஊரில் மழைக்குக் காசு கேட்பார்கள் என்று
யாராவது முன்னமே சொல்லியிருந்தால்
சிரித்திருப்போம்.

போன வருஷம் இதே நாலு இட்லி நாற்பத்தெட்டு.
அப்போது ராத்திரியும் சாப்பிட்டேன்.

ரேஷன் அரிசி
மூலையில் மூட்டையாக உட்கார்ந்திருக்கிறது.
ஊரைவிட்டு எந்தப் பக்கம் போனாலும் வயல்.
அரிசிக்குக் குறைச்சல் இல்லை.
அரிசிக்கும் சோற்றுக்கும் நடுவில்தான் தூரம்.
அதை யாரோ ஒருவன் பைக்கில் கடக்கிறான்.

நேற்றுக் கடந்தவன் பெயர் வீரசேகர்.
படத்தில் மீசை உண்டு, நேரில் இல்லை.
அரசலாற்றுப் பாலத்தில் அவனுடைய புள்ளி
பன்னிரண்டு நிமிஷம் அசையவில்லை.
மாடு, லாரி, இல்லாவிட்டால் டீ என்று நினைத்தேன்.
வந்தபோது வலது கட்டைவிரலில் கைக்குட்டை,
அதில் சிவப்பு.
"வழுக்கிடுச்சுக்கா.
முடிச்சு இன்னிக்கி நம்மால ஆவாது."

பல்லால் கடிக்கப் போனான்,
சாப்பாடாச்சே என்று நிறுத்திக்கொண்டான்.
என் இரண்டு மணிக்கட்டுக்கு நடுவே
பையை நான் இறுக்க
இடக்கையால் அவன் இழுத்தான்.
எண்ணினால் மூன்று கை.
கூட்டினால் ஒன்றரை தேறும்.
முடிச்சு அவிழவில்லை.
பை அவிழ்ந்தது.

மதகு தூக்கினாற்போல
செப்டம்பர் மாத ரசீதுகளின் மேல் சாம்பார்.
முருங்கைக்காய்த் துண்டு ஒன்று மிதந்துபோய்
அண்டாக்களின் மொத்தத்தில் தட்டி நின்றது.

"சிந்திடுச்சுன்னு கம்ப்ளெயின்ட் போடுங்கக்கா,
பணம் திரும்பிடும்."
செருப்பு மாட்டுகிறவன் மாதிரி
ரொம்ப நேரம் குனிந்திருந்தான்.
யார் கணக்கிலிருந்து என்று கேட்டேன்.
அதற்குப் பதிலில்லை.
பட்டீஸ்வரம் பக்கம் ஆறு மா குத்தகை,
குறுவை நெல்லில் ஈரம் என்று
கொள்முதலில் திருப்பிவிட்டார்கள் என்று
கேட்காததைச் சொன்னான்.

அவன் போனபிறகு திரை விசாரித்தது:
உங்கள் உணவு எப்படி இருந்தது?

நூற்றைம்பத்துச் சொச்சம்
எனக்கு நாளை மதியம்.
அவனுக்கு எத்தனை மாடியோ.

முட்டியை நட்சத்திரங்களின் மேல் வைத்தேன்.
வளைந்த முட்டி நாலில் போய் நின்றது.
துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
ஐந்து.
நல்ல மனசெல்லாம் கிடையாது.
நாளைக்கும் பை முடிச்சோடுதான் வரும்.

ரசீதுகளை மின்விசிறிக்கு அடியில் பரப்பிவிட்டு
இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டேன்.
ரேஷன் சர்க்கரை.
அதிலும் ஈரம்.